சொந்த வலைப்பூவுக்கு வருகை இலக்கும் அளவீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநிறைவுக்காக எழுதுகிறேன். எனக்கு வருகை இலக்கு எதற்கு?

எல்லோருக்கும் தேவை என்று சொல்ல முடியாது. நாட்குறிப்பைப் போல எழுதி வைத்து, உறவினர் நான்கு பேர் படித்தால் போதும் என்று இருப்பவர் வருகைக் கணக்கைத் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இடுகையை வெளியிட்ட அரை மணி நேரத்திற்குள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு ஏற்கெனவே ஓர் இலக்கு இருக்கிறது. அதை அவர் தமக்கே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். சொல்லிக்கொள்ளாத இலக்கில் உள்ள தொல்லை என்னவென்றால், 50 பேர் வந்தாலும் 500 பேர் வந்தாலும் போதவில்லை என்றே தோன்றும், ஏனெனில் எது போதும் என்பது முடிவு செய்யப்படவே இல்லை.

ஆகவே எண்ணைத் தொடுவதற்கு முன், எந்த வாசகர் வந்து என்ன செய்தால் இந்த வலைப்பூ தன் வேலையைச் செய்ததாகும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி எழுதுபவருக்கு மாதம் 60 பேர் வந்து, அவர்களில் ஒருவர் தம் ஊர்க் கல்வெட்டின் படத்தை அனுப்பி வைத்தால் அது பெரிய வெற்றி. சமையல் குறிப்பு எழுதுபவருக்கு அப்படியில்லை. அடுப்பு மேடையில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பாகுப் பதம் தவறாமல் அதிரசம் சுட்டு முடிப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அங்கே கேள்வி. இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்தால் ஒருவர் காரணமின்றி வருந்துவார், மற்றவர் காரணமின்றி மகிழ்வார்.

பக்கப் பார்வை, பயனர், அமர்வு, ஹிட்ஸ் என்று பல எண்கள் இருக்கின்றன. எதை நம்புவது?

முதலில் ஹிட்ஸ் என்ற சொல்லைக் கைவிட்டு விடலாம். ஒரு பக்கத்தைத் திறக்கும்போது வழங்கி (தளத்தை வைத்திருக்கும் கணினி) அனுப்பும் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட். 20 படங்கள் உள்ள பக்கத்தை ஒருவர் ஒரு முறை திறந்தாலே 21 ஹிட்ஸுக்கு மேல் ஆகிவிடும். பெருமையடித்துக்கொள்ள உதவுமே தவிர அந்த எண் எதையும் சொல்லாது.

பக்கப் பார்வை என்பது பக்கம் திறக்கப்பட்ட தடவைகள். அமர்வு என்பது ஒருவர் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுப் போவது. வருகையை அளக்கும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸில் 30 நிமிடம் எந்த அசைவும் இல்லாவிட்டால் அமர்வு முடிந்ததாகக் கொள்வது இயல்பான அமைப்பு. பயனர் என்பது ஆள் என்று பொருள்படுவது போலத் தோன்றினாலும் உண்மையில் அது ஓர் உலாவி. அலுவலகக் கணினியிலும் கைபேசியிலும் படிக்கும் ஒருவர் இரண்டு பயனராக எண்ணப்படுவார், வீட்டுக்கு ஒரே கைபேசி என்றால் மூவர் ஒருவராக எண்ணப்படுவார்கள். எந்த எண்ணும் தலைக்கணக்கு அல்ல. எனினும் பிழை மாதாமாதம் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால், ஒரே கருவியின் ஒரே எண்ணைத் தொடர்ந்து பார்த்தால் போக்கு தெரியும். சிறிய வலைப்பூவுக்கு அமர்வு எண்ணிக்கையை முதன்மையாக வைத்துக்கொள்வதே என் விருப்பம்.

பிளாகர் காட்டும் எண்ணும் அனலிட்டிக்ஸ் காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லையே?

ஒத்துப்போகாது. கூகுளின் வலைப்பூத் தளமான பிளாகரின் உள்ளமைந்த புள்ளிவிவரத்தில் மனித வாசகரோடு தானியங்கி நிரல்களின் வருகையும் கலந்துவிடுவதால் அந்த எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அனலிட்டிக்ஸ் வாசகரின் உலாவியில் ஒரு சிறு நிரல் ஓடினால் மட்டுமே எண்ணும், அறியப்பட்ட தானியங்கிகளை விலக்கிவிடும். விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கும் வாசகரை எண்ணாமலும் விட்டுவிடும். முன்னது மிகையாகச் சொல்லும், பின்னது குறைத்துச் சொல்லும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்; ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். பிளாகரையே பயன்படுத்துவதென்றால், உங்கள் சொந்த வருகைகளை எண்ண வேண்டாம் என்ற தெரிவை இயக்கி வையுங்கள். தன் இடுகையைப் பிழைதிருத்தப் பத்து முறை திறப்பவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

தேடல் முடிவுகளில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலை இவற்றோடு ஒப்பிடும்போது இன்னொரு குழப்பம் வரும். அதன் நாள்கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி அமைந்தது. நமக்கும் அதற்கும் பருவத்தைப் பொறுத்துப் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேர வேறுபாடு உண்டு. பொங்கலன்று காலையில் வந்த கூட்டம் அங்கே முந்தைய நாள் கணக்கில் விழுந்திருக்கும்.

மாதம் எத்தனை வருகை வந்தால் நல்ல வலைப்பூ?

இந்தக் கேள்விக்கு எண்ணைப் பதிலாகத் தருபவர்களை நம்ப வேண்டாம். நெல்வயல் பூச்சிகளைப் பற்றி எழுதும் வலைப்பூவையும் திரைச் செய்தி வலைப்பூவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பொருள் கொண்டுள்ள தேவை, எழுதும் வேகம், வலைப்பூவின் வயது, தேடுபொறியில் அதே பொருளுக்கு இருக்கும் போட்டி ஆகிய எல்லாமே எண்ணைத் தீர்மானிக்கின்றன. ஒப்பிடத் தகுந்த வலைப்பூ ஒன்றே ஒன்றுதான் உண்டு: ஓராண்டுக்கு முன் இருந்த உங்கள் வலைப்பூ.

சரி, இலக்கை எப்படித்தான் நிர்ணயிப்பது?

முதல் மூன்று மாதங்களுக்கு வருகை இலக்கே வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புதிய தளத்தைத் தேடுபொறி கண்டுகொண்டு, தன் தேடல் அட்டவணையில் சேர்த்து, ஓரளவு நம்பத் தொடங்கவே காலம் பிடிக்கும். அந்த நாட்களில் வருவோர் பெரும்பாலும் உங்கள் வாட்ஸ்அப் குழுவினர். அப்போது கையில் இருப்பது எழுதுவது மட்டுமே, ஆகவே வாரம் ஓர் இடுகை என்பது போன்ற செயல் இலக்கை வைத்துக்கொள்வது பொருத்தம்.

அதன் பிறகு ஒரு அடிப்படை எண் வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், சராசரியை எடுத்துவிடுகிறார்கள். ஒரு பேச்சுக்கு, உங்கள் ஆறு மாத அமர்வுகள் 410, 380, 2900, 450, 430, 470 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதத்தில் யாரோ ஒரு பிரபலம் உங்கள் இணைப்பைப் பகிர்ந்திருக்கிறார். சராசரி 840 வருகிறது; ஆனால் 840 பேர் வந்த மாதம் என்று ஒன்று உங்கள் வலைப்பூவின் வாழ்வில் இல்லவே இல்லை. எண்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருக்கும் இரண்டின் சராசரியை எடுத்தால், அதாவது இடைநிலை அளவைக் கண்டால், 440 கிடைக்கும். இதுதான் உங்கள் உண்மையான இருப்பு. அடுத்த ஆறு மாதத்தின் இடைநிலை 550 ஆக வேண்டும் என்று வைத்தால் அது கால் பங்கு வளர்ச்சி, எட்டக்கூடியது, எட்டினால் பொருளுள்ளது. 840 என்ற பொய்யான அடிப்படையிலிருந்து 1000 என்று வைத்தால், நன்றாக எழுதிக்கொண்டே தோற்றுப்போவீர்கள்.

அடுத்து, எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடுவது என்ற சிக்கல். தமிழ் வாசிப்புக்கு ஒரு நாட்காட்டி உண்டு. சமையல் வலைப்பூவில் சர்க்கரைப் பொங்கல் இடுகை ஜனவரியில் ஏறி பிப்ரவரியில் இறங்கும். பிப்ரவரி வீழ்ச்சியைக் கண்டு வலைப்பூவின் தோற்றத்தை மாற்றப் புறப்பட்டால் வீண் வேலை. எனவே ஜனவரியைச் சென்ற ஜனவரியோடு ஒப்பிட வேண்டும். ஆனால் அதுவும் பொங்கல் போலச் சூரிய நாட்காட்டியைப் பின்பற்றும் விழாக்களுக்குத்தான் சரிவரும். விநாயகர் சதுர்த்தி 2024இல் செப்டம்பர் 7, 2025இல் ஆகஸ்ட் 27. கொழுக்கட்டைக் குறிப்பு எழுதியவர் 2025 செப்டம்பரை 2024 செப்டம்பரோடு ஒப்பிட்டால் வலைப்பூ சரிந்துவிட்டது என்றே முடிவு செய்வார். கூட்டம் ஆகஸ்டிலேயே வந்து போயிருக்கும். தீபாவளியும் அப்படியே: 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. விழாவைச் சார்ந்த இடுகைகளுக்கு மாதத்தை விட்டுவிட்டு, விழாவுக்கு முந்தைய மூன்று வாரங்களைச் சென்ற ஆண்டின் அதே மூன்று வாரங்களோடு ஒப்பிடுவது முறை.

கடைசியாக, வருகை எண் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. தேடுபொறி தன் கணிப்பு முறையை மாற்றினால் ஒரே வாரத்தில் பாதியாகலாம். ஆதலால் ஒவ்வொரு வருகை இலக்குக்கும் பக்கத்தில், அதை நோக்கி நீங்கள் செய்யப்போகும் வேலையையும் இலக்காக எழுதுங்கள். மாதம் இரண்டு பழைய இடுகைகளைத் திருத்தி விரிப்பேன், விழாக் குறிப்புகளை விழாவுக்கு ஆறு வாரம் முன்பே வெளியிடுவேன் என்பன போல. காலாண்டு முடிவில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது பட்டியலைத்தான்.

இந்த வாரம் 100, சென்ற வாரம் 118. வலைப்பூ சரிகிறதா?

இதை வைத்துச் சொல்ல முடியாது. சராசரியாக வாரம் 100 பேர் வரும் இடத்தில் 80க்கும் 120க்கும் இடையே ஏறி இறங்குவது வெறும் தற்செயலாலேயே நிகழும். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்வரை வார ஒப்பீட்டில் பொருளே இல்லை. மூன்று மாதம் தொடர்ந்து ஒரே திசையில் நகர்ந்தால் அப்போது காரணம் தேடலாம்.

நேரடி வருகை என்ற பெயரில் பாதிப் பேர் வருகிறார்கள். இவர்கள் முகவரியைத் தட்டச்சு செய்தா வருகிறார்கள்?

சிலர் அப்படி வரலாம். ஆனால் நேரடி என்பதற்கு அனலிட்டிக்ஸ் அகராதியில் உண்மையான பொருள், எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை என்பதே. வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் இணைப்பைத் தொட்டு வருபவர் பெரும்பாலும் வந்த வழிக்கான தடயம் இல்லாமலே வந்து சேர்கிறார். தமிழ்க் குடும்பக் குழுக்களில் சுற்றும் இடுகைகளின் வாசகர் பெரும்பகுதியும் இந்தப் பெட்டியில்தான் விழுவார்கள்.

இதைப் பிரித்தறிய நீங்கள் பகிரும் இணைப்பின் வாலில் யூடிஎம் குறிகளைச் சேர்க்கலாம்: எந்த இடத்தில் பகிர்ந்தீர்கள், எவ்வகை ஊடகம், எந்த முயற்சியின் பகுதி என்று மூன்று சிறு சொற்கள். (யூடிஎம் என்பதில் உள்ள முதல் எழுத்து அர்ச்சின் என்ற நிறுவனத்தைக் குறிக்கிறது, கூகுள் 2005இல் அதை வாங்கித்தான் அனலிட்டிக்ஸை உருவாக்கியது. நிறுவனம் மறைந்து வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது.) வலைப்பூவுக்கு உள்ளேயே ஓர் இடுகையிலிருந்து மற்றொன்றுக்குத் தரும் இணைப்பில் இந்தக் குறிகளை ஒட்டக் கூடாது, வாசகர் முதலில் வந்த வழி பற்றிய கணக்கு கெட்டுவிடும்.

தமிழில் எழுதுவோருக்குத் தொல்லை ஒன்றும் இங்கே உண்டு. முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால், நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் (க என்ற எழுத்து ஒன்று, கா-வில் வரும் துணைக்கால் இன்னொன்று) ரோமன் எழுத்து, எண், % ஆகியவை கலந்த ஒன்பது குறிகளாக விரிந்து, நான்கு வரிக்கு நீண்ட ஒரு குப்பைச் சரமாகக் காட்சியளிக்கும். அதைப் பார்த்து வைரஸ் இணைப்பு என்று பயந்து தொடாமல் விடுபவர்கள் உண்டு. வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸ், முகவரியில் இடுகையைக் குறிக்கும் பகுதியான முகவரித் துண்டுக்கு இப்படி விரிந்த குறிகளில் 200 என்ற வரம்பு வைத்திருப்பதால் தமிழ்த் தலைப்பு ஏறத்தாழ 22 குறியீடுகளில் வெட்டுப்பட்டு நிற்கும். பிளாகரோ தமிழ்த் தலைப்பை முற்றிலும் தள்ளிவிட்டு, எந்த இடுகை என்றே தெரியாத பொதுப் பெயரையும் ஓர் எண்ணையும் வைத்துவிடும். ஆறு மாதம் கழித்து அறிக்கையைத் திறந்தால் எந்த முகவரி எந்த இடுகை என்று உங்களுக்கே புரியாது. வெளியிடும் முன்பே முகவரித் துண்டைக் கையால், ரோமன் எழுத்தில், சுருக்கமாகக் கொடுத்துவிடுவது அளவீட்டுக்கும் பகிர்வுக்கும் நல்லது.

சர்ச் கன்சோலில் எதைப் பார்க்க வேண்டும்?

நான்கு எண்கள் இருக்கும்: எத்தனை முறை தேடல் முடிவில் காட்டப்பட்டீர்கள், எத்தனை முறை சொடுக்கினார்கள், இரண்டுக்கும் உள்ள விகிதம், சராசரி இடம். இவற்றுள் சராசரி இடம் ஏமாற்றக்கூடியது. நான்கைந்து சொற்களுக்கு மட்டும் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த வலைப்பூ வளரும்போது, புதிதாக நூறு சொற்களுக்கு ஐந்தாம் பக்கத்திலும் ஆறாம் பக்கத்திலும் தலைகாட்டத் தொடங்கும். அப்போது சராசரி இடம் மோசமாகும், சொடுக்குகளோ கூடும். மொத்தச் சராசரியை விட்டுவிட்டு ஒரு குறிப்பிட்ட சொல்லுக்கான இடத்தை மட்டும் பாருங்கள்.

என் கணிப்பில் மிகப் பயனுள்ள பகுதி, தேடல் சொற்களின் பட்டியல். தமிழ் இடுகையைத் தமிழில்தான் தேடுவார்கள் என்று நாம் எண்ணியிருப்போம். பட்டியலில் தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் அடித்தவர்களும் ஆங்கிலத்திலேயே தேடியவர்களும் கலந்திருப்பார்கள். நிறைய முறை காட்டப்பட்டு மிகக் குறைவாகச் சொடுக்கப்பட்ட சொற்களைத் தனியே எடுங்கள். அந்தக் கேள்வியோடு மக்கள் உங்கள் வாசல்வரை வந்து தலைப்பைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள். தலைப்பைத் தெளிவாக்குவதோ, அந்தக் கேள்விக்கென்றே ஓர் இடுகை எழுதுவதோ அடுத்த மாதத்துக்கான வேலையாகிவிடும். பட்டியலில் உள்ள சொடுக்குகளைக் கூட்டினால் மொத்தத்தைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். மிக அரிதான தேடல்களைத் தனியுரிமை கருதி கூகுள் காட்டுவதில்லை, சிறிய வலைப்பூவில் அத்தகையவை கணிசமாக இருக்கும்.

வந்தவர்கள் படித்தார்களா என்பதை எப்படி அறிவது?

முழுமையாக அறிய வழியில்லை. இப்போதைய அனலிட்டிக்ஸ், 10 விநாடிக்கு மேல் நீடித்த, அல்லது இரண்டு பக்கமாவது பார்த்த, அல்லது நீங்கள் முக்கியம் என்று குறித்த செயலைச் செய்த அமர்வை ஈடுபாடுள்ள அமர்வு என்கிறது. 10 விநாடியில் என் நீண்ட கட்டுரைகளின் முதல் பத்தியைக்கூடத் தாண்ட முடியாது என்பதால், அந்த விகிதத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை. பக்கம் திரையில் முன்னால் இருந்த நேரத்தை மட்டும் கணக்கிடும் சராசரி ஈடுபாட்டு நேரம் சற்று மேல். ஓர் இடுகையை நீங்களே நிதானமாகப் படிக்க ஆகும் நேரத்தை அதன் அருகில் எழுதிப் பாருங்கள். எட்டு நிமிட இடுகைக்கு நாற்பது விநாடிதான் கிடைக்கிறது என்றால், பெரும்பாலானோர் தேடி வந்தது அங்கே இல்லை, அல்லது ஏழாம் பத்தியில் ஒளிந்திருக்கிறது.

குறைந்த நேரம் எப்போதும் தோல்வி என்றும் கொள்ள வேண்டாம். இட்லி மாவுக்கு அரிசி உளுந்து விகிதம் என்ன என்று வந்தவர் பதினைந்து விநாடியில் விடை கண்டு போனால் அது அந்தப் பக்கத்தின் வெற்றி.

பின்னூட்டங்கள் முன்போல வருவதில்லை. வாசகர் குறைந்துவிட்டார்களா?

பல வலைப்பூக்களின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் காட்டும், 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் கோலோச்சிய காலத்தில் பின்னூட்டமே செல்வாக்கின் அளவுகோல். அதன் விளைவையும் அக்காலப் பதிவர்கள் அறிவார்கள்: அவர் என் இடுகைக்குப் போட்டதால் நான் அவர் இடுகைக்குப் போடும் மொய்ப் பின்னூட்டங்களும், நண்பர்கள் கூடி அடிக்கும் கும்மியும் எண்ணிக்கையை உயர்த்தின, வாசிப்பை உயர்த்தவில்லை. ஓர் அளவுகோலை இலக்காக்கினால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கிறது என்பதைப் பொருளியலில் குட்ஹார்ட் விதி என்பார்கள். பிரிட்டனின் பணக்கொள்கை பற்றி சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் சொன்னதிலிருந்து வந்தது. நம்மவர்கள் அதை மொய் நோட்டிலேயே கற்றுக்கொண்டார்கள்.

இன்று உரையாடல் சமூக ஊடகங்களுக்கும் தனிச்செய்திக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. ஆகவே எண்ணிக்கையை விடுத்து, வந்த எதிர்வினைகளில் குறிப்பிட்டுச் சொல்லத்தக்கவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்: பிழை சுட்டியவர், செய்து பார்த்தேன் என்றவர், தன் கட்டுரையில் இணைப்புத் தந்தவர். அருமை, தொடருங்கள் என்பவை அன்பு. அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மின்னஞ்சல் சந்தாதாரர் எண்ணிக்கையை அளவாகக் கொள்ளலாமா?

கொள்ளலாம், திரும்பி வர விரும்பும் வாசகரைக் காட்டும் எண்களில் அது நம்பகமானது. ஆனால் மடலைத் திறந்தவர் விகிதத்தை நம்ப வேண்டாம். 2021இல் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைக் காப்பு, வாசகர் திறக்காத மடலையும் திறந்ததாகக் காட்டக்கூடும். மடலில் இருந்த இணைப்பைச் சொடுக்கியவர்கள், பதில் எழுதியவர்கள் என்ற எண்களே தெளிவானவை.

விளம்பர வருமானத்தை வெற்றியின் அளவாக வைக்கலாமா?

தளங்களில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியது 2018இல். அன்று பலர் ஆவலோடு சேர்ந்தார்கள். ஆட்சென்ஸ் பணத்தைக் கையில் தருவதற்கு 100 டாலர் சேர வேண்டும். மாதம் சில நூறு பேர் வரும் வலைப்பூவில் அது சேர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். வருமானம் வருகையோடு மட்டும் கட்டுண்டதல்ல, வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்தப் பொருளைப் பற்றிய பக்கம் என்பவையும் அதைத் தீர்மானிக்கின்றன. எழுத்தின் தரம் மாறாமலேயே இது ஏறும், இறங்கும். வழங்கிக்கும் முகவரிப் பெயருக்கும் ஆண்டுதோறும் கட்டும் தொகையை அது ஈடுகட்டுகிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை எண்களைப் பார்ப்பது?

மாதம் ஒரு முறை. வேண்டுமானால் இடுகை வெளியான மறுநாள் ஒரு தடவை, பக்கம் ஒழுங்காகத் திறக்கிறதா, எண்ணப்படுகிறதா என்று சரிபார்க்க. நாள்தோறும் பார்ப்பவர் எண்ணுக்கு ஏற்ப எழுதத் தொடங்குவதை நான் என்னிடமே கண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் தலைப்புகளில் ஆச்சரியக்குறி பெருகியது அதனால்தான்.

பழைய எண்களைப் பாதுகாக்க வேண்டுமா?

கட்டாயம். அனலிட்டிக்ஸின் பழைய வடிவம் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவைப் பதிவதை நிறுத்திக்கொண்டது, ஓராண்டு கழித்து அதன் பழைய கணக்குகளைத் திறக்கவும் முடியாமல் போனது. நகலெடுத்து வைக்காதவர்களின் பல ஆண்டு வரலாறு அதோடு போயிற்று. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும். இரண்டாண்டுக்கு முந்தைய தீபாவளியை அங்கே தேட முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு விரிதாளில் ஆறேழு எண்களைக் கையால் எழுதி வைத்தால் போதும். கடைசி நிரலில் அந்த மாதம் நடந்ததைக் குறியுங்கள்: வார்ப்புரு மாற்றினேன், ஊருக்குப் போனதால் எழுதவில்லை, இன்ன இடுகை பகிரப்பட்டது. பின்னாளில் எண்ணைவிட அந்த நிரல்தான் பேசும்.

இலக்கை எட்டவில்லை. என்ன செய்வது?

முதலில் செயல் இலக்கைப் பாருங்கள். செய்வதாகச் சொன்ன வேலையையே செய்யவில்லை என்றால் வருகை எண்ணைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை; வேலையின் அளவைக் குறைத்து, அதே இலக்கை அடுத்த காலாண்டுக்கு வையுங்கள். வேலை நடந்தும் வருகை ஏறவில்லை என்றால் சர்ச் கன்சோலுக்குப் போங்கள். காட்டப்பட்ட எண்ணிக்கை கூடிச் சொடுக்கு கூடவில்லை என்றால் தலைப்பில் வேலை இருக்கிறது. காட்டப்படுவதே கூடவில்லை என்றால், எழுதிய பொருளை அந்தச் சொற்களில் யாரும் தேடவில்லை, அல்லது பக்கம் அட்டவணையில் ஏறவே இல்லை. இரண்டாவதை ஒரே நிமிடத்தில் அங்கேயே சரிபார்க்கலாம். யாரும் தேடாத பொருளாக இருந்து, அதை நீங்கள் எழுதியே ஆக வேண்டும் என்றும் இருந்தால், தேடல் வருகையை இலக்காக வைத்ததே பிழை. அத்தகைய இடுகைகளைத் தனியே பிரித்து, அவற்றுக்கு எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்பதை மட்டும் குறித்து வாருங்கள்.